கரீபியன் புலம்பெயர் கவிதையில் ஊர் ஏக்கம்: கடலும் தென்னையும் மட்டும்தானா?

கேள்வி இதுதான்: கரீபியன் தீவுகளிலிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் பிழைக்கப் போனவர்கள் எழுதிய கவிதைகளில் தாயக ஏக்கம் எப்படி வெளிப்படுகிறது? கடல், தென்னை, வெயில் என்று சுற்றுலா விளம்பரம் போலத்தானே இருக்கும்? வாசிப்பதென்றால் யாரில் தொடங்கலாம்?

கடலும் மரமும் வெயிலும் நிறையவே உண்டு. அவற்றோடு நின்றுவிட்ட கவிதைகளும் ஏராளம். ஆனால் நூறு வருடம் கழித்தும் நம்மைப் பிடித்து நிறுத்துகிற கவிதைகள், ஊரை விட்டு ஏன் வந்தோம் என்பதை மறக்காதவை. ஏங்குகிற கவிதைக்குள்ளேயே அங்கே பட்ட பசியும் இருக்கும், வேலையில்லாத் திண்டாட்டமும் இருக்கும், சில சமயம் ஊர் மீதான கோபமும் இருக்கும். எனக்கு இந்த மரபு பிடித்துப்போனதற்கு அதுவே காரணம். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கிளாட் மெக்கேயிடமிருந்து ஆரம்பிக்கலாம். ஜமைக்காவின் கிளாரண்டன் மலைப்பகுதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1912ல், ஜமைக்காவின் பேச்சுமொழியிலேயே எழுதிய இரண்டு தொகுப்புகள் வெளிவந்த அதே ஆண்டில், வேளாண்மை படிக்க அமெரிக்கா போனார். படிப்பு முடியவில்லை. நியூயார்க் போய்ச் சேர்ந்தார், ரயிலின் உணவுப் பெட்டியில் பரிமாறும் வேலை பார்த்தார். 1920ல் வெளியான அவருடைய 'தி டிராபிக்ஸ் இன் நியூயார்க்' மொத்தமே 12 வரி. ஒரு கடையின் ஜன்னலில் வாழைப்பழம், வாழைக்காய், இஞ்சி, கொக்கோ காய், அவகாடோ, மாம்பழம் எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறது. அதைப் பார்த்ததும் ஓடையோரத்தில் காய்த்துத் தொங்கும் மரங்கள், பனி பெய்த விடியல், ஊர் மலைகள் எல்லாம் நினைவுக்கு வருகின்றன. பிறகு கண் மங்குகிறது. பழகிய அந்தப் பழைய வாழ்க்கைக்காக ஒரு பசி உடம்பு முழுக்கப் பரவுகிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு தலை குனிந்து அழுகிறார். அவ்வளவுதான் கவிதை.

தொகுப்புகளில் திரும்பத் திரும்ப இடம்பெற்று, அழகான சோகக் கவிதை என்று பெயர் வாங்கிவிட்ட ஒன்று இது. அதன் நாலாவது வரியில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்தப் பழங்களைப் பற்றி மெக்கே சொல்வது: இவை எங்கள் ஊர் விவசாயக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கும். கடைக்கு வந்த வாடிக்கையாளருக்கு இப்படித் தோன்றாது. விலை என்ன, பழுத்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார். பயிர் வைத்துத் தண்ணீர் விட்டவனுக்குத்தான் பரிசு ஞாபகம் வரும். இயற்கையை ரசிக்கிற கண் இல்லை அது, விளைச்சலை எடை போடுகிற கண். அந்தப் பழங்கள் எப்படி அங்கே வந்தன என்பதும் கவிதைக்குப் பின்னால் இருக்கிறது. 1870களிலிருந்தே ஜமைக்கா வாழைத்தார்கள் கப்பலேறி அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. 1899ல் உருவான யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி அந்த வணிகத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. ஊரில் விளைந்த காயும் ஊரில் பிறந்த பையனும் ஒரே கடலைத் தாண்டி வந்து, ஒருவர் கண்ணாடிக்கு உள்ளேயும் இன்னொருவர் வெளியேயும் நிற்கிறார்கள். கவிதையில் அவர் ஒரு பழம்கூட வாங்குவதாக இல்லை.

அவருடைய 'ஃப்ளேம்-ஹார்ட்' இன்னும் நேர்மையானது. பத்து வருடத்தில் எவ்வளவு மறந்துவிட்டேன் என்று ஆரம்பிக்கிறது. எந்தக் கனி எப்போது சாறு பிடிக்கும், எந்தப் பூ எந்த மாதம் பூக்கும், எல்லாம் மறந்துபோயிற்று. மறக்காமல் திரும்பத் திரும்ப வருவது டிசம்பரில் பாயின்செட்டியா செடியின் இரத்தச் சிவப்பு. ஊரை அப்படியே மனதில் வைத்திருக்கிறேன் என்று பெருமை பேசுவது சுலபம். விவசாயி வீட்டுப் பையன், பருவங்கள் மறந்துபோயின என்று ஒப்புக்கொள்வது அப்படியில்லை.

திரும்பி வருவேன் என்றும் ஒரு கவிதை எழுதினார். வரவில்லை. 1912ல் கிளம்பியவர் ஜமைக்காவை மறுபடி பார்க்காமலே 1948 மே 22 அன்று சிகாகோவில் இறந்தார்.

இதற்கெல்லாம் முன்னால், ஊரை விட்டுப் போகாத காலத்தில், அதே மெக்கே எழுதிய ஒரு கவிதை இருக்கிறது: 'ஓல்ட் இங்லண்ட்'. அதிலும் ஏக்கம்தான். ஆனால் ஏக்கம் இங்கிலாந்துக்காக! தாயகமான இங்கிலாந்தைப் பார்க்க வேண்டும், லண்டன் தெருக்களில் நடக்க வேண்டும், வானத்தில் புகை கக்கும் ஆலைப் புகைபோக்கிகளைப் பார்க்க வேண்டும் என்று ஜமைக்கா பேச்சுமொழியில் பாடுகிறார். கடைசியில், பார்த்து முடித்ததும் கப்பலேறி என் கரைக்கே திரும்பி நிம்மதியாக இருப்பேன் என்கிறார். காலனிப் பள்ளிக்கூடம் செய்த வேலை அது. பார்த்தேயிராத ஒரு குளிர்நாட்டைத் தாயகம் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது. கரீபியன் ஏக்கக் கவிதையைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மக்களின் முன்னோர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியில் கொண்டுவரப்பட்டவர்கள். பள்ளிக்கூடம் இங்கிலாந்தைக் காட்டியது. பிறந்த தீவுதான் தாயகம் என்பதைப் பலர் அதை விட்டு விலகிப்போன பிறகுதான் உணர்ந்தார்கள்.

மெக்கே இறந்து சரியாக ஒரு மாதம் கழித்து, 1948 ஜூன் 22 அன்று, எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் லண்டனுக்கு அருகே டில்பரியில் ஆட்களை இறக்கியது. 800க்கும் மேற்பட்ட கரீபியன் மக்கள், பெரும்பான்மை ஜமைக்காக்காரர்கள். கீழ்த்தளத்தில் பயணச்சீட்டு 28 பவுண்ட் 10 ஷில்லிங். 1944ல் அடித்த சூறாவளி ஜமைக்காவின் வாழையையும் தென்னையையும் சாய்த்துவிட்டிருந்தது. போரில் பிரிட்டனுக்காகச் சண்டை போட்டுவிட்டுத் திரும்பியவர்களுக்கு ஊரில் வேலை இல்லை. 1952ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு மேற்கிந்தியர்களுக்கான கதவை ஏறக்குறைய சாத்தியதும், பிரிட்டன் போகும் கூட்டம் இன்னும் பெருகியது. கப்பலில் வந்த டிரினிடாட் பாடகர் லார்ட் கிச்சனர், லண்டன்தான் எனக்கான ஊர் என்று கேமரா முன்னால் பாடினார். சில வருடங்களில் அவரே 'ஸ்வீட் ஜமைக்கா' என்ற பாட்டில், வந்தது தப்பு என்று அழுகிறவர்களையும், திரும்பிப் போகக் கப்பல் காசு இல்லாமல் லண்டன் தெருவில் அலைகிறவர்களையும் பாடினார். 1960களின் தொடக்கத்தில் டிரினிடாட் திரும்பிவிட்டார். அவரால் முடிந்தது. பெரும்பாலோரால் முடியவில்லை.

அந்தத் தலைமுறையின் கவிஞர் ஜேம்ஸ் பெர்ரி. 1924ல் ஜமைக்காவில் பிறந்து 1948ல் பிரிட்டன் வந்தவர். இந்தப் பதிலில் ஒரே ஒரு கவிதையை மட்டும் படியுங்கள் என்று சொல்லச் சொன்னால் அவருடைய 'லூசிஸ் லெட்டர்' கவிதையைத்தான் சொல்வேன். லண்டனில் இருக்கும் லூசி, ஊரில் இருக்கும் தோழி லீலாவுக்கு எழுதும் கடிதம். ஜமைக்கா பெண்கள் பேசுகிற மொழி, ஆங்கில எழுத்தில். இங்கே நான் எதற்கெல்லாமோ பூட்டப்பட்டுக் கிடக்கிறேன், நாம் உட்கார்ந்து அடிக்கும் அரட்டைக்கு ஏங்குகிறேன் என்று தொடங்குகிறாள். லண்டன் நம் கிராமத்து மண்பாதை மாதிரி இல்லை, தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாக வந்து என் வாசலில் படுத்துக் கிடக்கின்றன, ஆனால் நான் உள்ளே பூட்டிக்கொண்டு இருக்கிறேன், எங்கே போனாலும் சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன் என்கிறாள். இருட்டில் திண்ணையில் உட்கார்ந்து இடி இடிப்பதுபோல் சிரித்த சிரிப்பு இப்போது இல்லை. இராப்பகலாக மின்விளக்கின் கீழ் கூண்டில் அடைத்த பண்ணைக்கோழி ஆகிவிட்டேன். ஊரின் ஒரு மாம்பழக் காலத்துக்கு எந்தச் சந்தோஷமும் ஈடாகாது.

இந்த இடத்தோடு முடிந்திருந்தால் இது நல்ல ஏக்கக் கவிதை, அவ்வளவுதான். ஆனால் லூசி பொய் சொல்ல மாட்டாள். சனிக்கிழமை காலையில் என் கை காய்ந்து கிடப்பதில்லை என்று எழுதுகிறாள். கையில் கூலி இருக்கிறது, கணவன் முன்னால் முகம் சுளிக்க வேண்டியதில்லை. ஒருமுறை மாலைப் பள்ளியில் சேர்ந்து படிக்கவும் ஆரம்பித்தாளாம். டாக்டர் இலவசம். அந்த 'டாக்டர் இலவசம்' என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவை தொடங்கியதும் அதே 1948 ஜூலையில்தான். அதை நடத்த வந்து சேர்ந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் கரீபியன் தாதிகள். ஊரில் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்பது லூசிக்கும் தெரியும், லீலாவுக்கும் தெரியும். அதனால்தான் அவள் மாம்பழத்துக்கு ஏங்குவதை நாம் நம்புகிறோம். கடைசியில், ஊருக்கு வர டிக்கெட் போட்டாயிற்று, பிள்ளைகளைப் பகல் வெளிச்சத்தில் ஊறவைக்க வருகிறேன் என்று முடிக்கிறாள். தனக்காகக்கூட இல்லை, அந்த வெளிச்சத்தை அறியாமல் வளர்கிற பிள்ளைகளுக்காக.

கிரேஸ் நிக்கல்ஸ் அடுத்த அலை. கயானாவில் 1950ல் பிறந்து 1977ல் பிரிட்டன் வந்தவர். கயானா தீவு இல்லை, தென்னமெரிக்கக் கண்டத்தின் கரை. ஆனால் மொழியாலும் வரலாற்றாலும் கரீபியனோடு சேர்ந்தது. 'லைக் எ பீக்கன்' கவிதையில், அவ்வப்போது அம்மா சமையலுக்கு நாக்கு ஏங்குகிறது, ஓவியக் கூடத்தை விட்டு வெளியே வந்து வாழைக்காயும் உப்பிட்ட மீனும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் தேடிப் போகிறேன் என்கிறார். ஊரோடு இந்தத் தொடர்பு எனக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டு, குளிருக்கு எதிராகக் கையில் பையை ஒரு விளக்கு மாதிரி ஆட்டிக்கொண்டு நடக்கிறார். மெக்கேயோடு இதை வைத்துப் பாருங்கள். மெக்கே கண்ணாடிக்கு வெளியே நின்று அழுதார். நிக்கல்ஸ் கடைக்குள் போய் வாங்கிக்கொண்டு வருகிறார். இடைப்பட்ட அறுபது வருடத்தில் லண்டனின் பிரிக்ஸ்டன் சந்தைக்கு ஊர்ச் சரக்கு வந்துவிட்டது, வாங்குகிற மக்கள் வந்துவிட்டார்கள். ஏக்கத்தின் குணமே மாறிவிட்டது. 'ஐலண்ட் மேன்' என்னும் இன்னொரு கவிதையில் ஒருவன் காலையில் கடலலைச் சத்தத்துக்கு விழிக்கிறான். அந்தச் சத்தம் மெல்ல மெல்ல லண்டனின் வட்டச்சாலைப் போக்குவரத்து இரைச்சலாக மாறுகிறது. இன்னொரு லண்டன் நாள் என்று எழுந்திருக்கிறான். குட்டிக் கவிதை. பள்ளிக் குழந்தைக்கும் புரியும், காலை ஷிப்டுக்குப் போகிற எவருக்கும் புரியும்.

நிக்கல்ஸின் மிகச் சிறந்த கவிதை என்று நான் கருதுவது 'ஹரிக்கேன் ஹிட்ஸ் இங்லண்ட்'. 1987 அக்டோபரில் தென் இங்கிலாந்தில் பெரும்புயல் அடித்து ஒன்றரைக் கோடி மரங்கள் வரை விழுந்தன. ஊர் முழுக்க அதைப் பேரழிவாகப் பேசியபோது, இந்தக் கவிதையில் ஒரு பெண் பாதி இரவில் விழித்துக்கொண்டு புயலை உறவுக்காரியைப் போல விசாரிக்கிறாள். ஹுரக்கான், ஓயா, ஷாங்கோ என்று கரீபியனிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் வழிபடும் புயல், இடித் தெய்வங்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். 1961ல் பெலீஸைச் சிதைத்த ஹேட்டி புயலை, ஊரிலிருந்து வந்த சித்தி மகளைப் போல வரவேற்கிறாள். ஒரு இங்கிலீஷ் கடற்கரையில் என்ன செய்கிறாய் என்று கேட்கிறாள். வேரோடு சாய்ந்து கிடக்கும் அந்த நாட்டு மரங்களைப் பார்த்தபோதுதான் அந்த மண்ணோடு முதன்முதலாக ஒட்டுதல் வருகிறது. பூமி எங்கேயும் பூமிதான் என்று சொல்லத்தான் இந்தக் காற்று வந்ததோ என்று கவிதை முடிகிறது. ஊர் ஏக்கம் இங்கே தீர்ந்துபோகவில்லை. வந்த மண்ணில் காலூன்றுவதற்கு அதுவே துணை நிற்கிறது.

புயல் என்றதும் பார்படாஸ் கவிஞர் கமாவ் பிராத்வைட்டைச் சொல்லியாக வேண்டும். கரீபியன் பிள்ளைகள் பள்ளியில் பனிப்பொழிவைப் பற்றிய கவிதைகளைப் படித்தார்கள், தங்கள் கூரையைத் தூக்கிப் போன சூறாவளிக்கு அவர்களிடம் கவிதை இல்லை என்பது அவருடைய ஆதங்கம். சூறாவளி ஆங்கில யாப்பின் ஐந்து சீர் அடியில் உறுமுவதில்லை என்றார். மெக்கே 1920ல் அழுதபோது அந்த ஐந்து சீர் அடியில்தான் அழுதார். ஊரைப் பற்றிய ஏக்கம், ஊரின் தாளத்தில் இல்லை. ஜமைக்காவின் லூயிஸ் பென்னட், பெர்ரி, பிராத்வைட், லிண்டன் குவேசி ஜான்சன் ஆகியோர் செய்த மாற்றம் இங்கேதான். தெருவில் பேசுகிற ஜமைக்கா, பார்படாஸ் மொழியைக் கவிதைக்குள் கொண்டுவந்தார்கள். பென்னட்டின் 'காலனைசேஷன் இன் ரிவர்ஸ்' கவிதையில் ஒரு கிராமத்துப் பெண் மிஸ் மேட்டியிடம், நம் ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய் இங்கிலாந்தைக் குடியேற்ற நாடாக்குகிறார்களாமே என்று வாய்விட்டுச் சிரிக்கிறாள். ஏக்கமே இல்லாத கவிதை. ஆனால் மான்செஸ்டரிலோ பர்மிங்காமிலோ ஒரு சிறு அறையில் உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்டவருக்கு, அம்மா பேசுவதைக் கேட்டது போல இருந்திருக்கும். பிராத்வைட்டின் 'ரைட்ஸ் ஆஃப் பேஸேஜ்' 1967ல் வந்தது. அதில் அட்டைப் பெட்டியும் தொப்பியுமாகத் துறைமுகத்தில் நிற்கும் குடியேறிகளைப் பற்றிய பகுதியை அவசியம் படியுங்கள். எங்கே போகிறோம் என்றே தெரியாதவர்களின் முகங்கள் அதில் இருக்கின்றன.

ஆங்கிலத்தோடு நின்றுவிட்டால் பாதிக் கதைதான். இந்த மரபே ஸ்பானிய மொழியில்தான் முதலில் பெரிதாக எழுந்தது. கியூபாவின் ஹொசே மரியா எரேடியா, ஸ்பெயின் ஆட்சிக்கு எதிரான சதியில் சேர்ந்ததற்காக 1823ல் தப்பி அமெரிக்கா வந்த பத்தொன்பது வயதுக்காரர். 1824ல் நயாகரா அருவியின் முன்னால் நின்று எழுதுகிறார். அருவியின் கம்பீரத்தையெல்லாம் பாடிவிட்டு, திடீரென்று, என் கண் எதைத் தேடுகிறது? இந்தப் பள்ளத்தைச் சுற்றி ஏன் பனைகள் இல்லை? என் நாட்டுச் சமவெளியில் சூரியன் சிரிப்பில் முளைத்துக் கடற்காற்றில் ஆடுகிற அந்தப் பனைகள் எங்கே? என்று கேட்டுவிடுகிறார். உலகமே வியந்த அருவிக்கு முன்னால் நின்று, அங்கே இல்லாத மரத்தைத் தேடியவர். அடுத்த வருடம் மெக்சிகோ போகும் கப்பலிலிருந்து கியூபாவின் மத்தான்சாஸ் மலை தொலைவில் தெரிகிறது. இறங்க முடியாது, இறங்கினால் தண்டனை. தெரிகிறது, எனக்கு அதைத் தெரியும், அழுங்கள் கண்களே என்று எழுதினார். அதே கவிதையில், அவ்வளவு அழகான நாட்டில் அடிமையும் கொடுங்கோலனும் இருப்பதையும் எழுதினார். அதிலிருந்து கியூபக் கவிதையில் பனைமரம் நாடு கடத்தப்பட்டவர்களின் மரமாகிவிட்டது. ஹொசே மார்த்தியும் நியூயார்க் வாழ்க்கையின் நடுவே, பனை வளரும் இடத்திலிருந்து வந்த நேர்மையான மனிதன் நான் என்று 1891ல் எழுதினார். 'குவாந்தானமேரா' பாட்டில் உலகம் முழுக்கப் பாடப்படுவது அந்த வரிதான்.

புவெர்ட்டோ ரிக்கோவின் ஹூலியா தெ புர்கோஸைப் பற்றி எழுதும்போது என்னால் நிதானமாக இருக்க முடிவதில்லை. பிறந்த ஊர் ஆற்றை, ரியோ கிராந்தே தெ லோயிசாவை, காதலனாகப் பாவித்து 1930களில் அவர் எழுதிய கவிதை அந்தத் தீவில் மனப்பாடமாகச் சொல்லப்படுவது. நியூயார்க் போனார். வறுமை, தனிமை, குடி, நோய். 1953ன் தொடக்கத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு விடைபெறல் கவிதை எழுதினார். அந்த ஆஸ்பத்திரி இருந்ததும் ஒரு தீவு: கிழக்கு ஆற்றின் நடுவே வெல்ஃபேர் ஐலண்ட். கவிதை ஸ்பானிய மொழியில் இல்லை, ஆங்கிலத்தில். உலகத்துக்கு என் விடைபெறல் இங்கிருந்துதான், மறக்கப்பட்ட இடத்திலிருந்துதான் நடக்க வேண்டும் என்கிறது. ஜூலையில் ஹார்லெமில் தெருவில் விழுந்து இறந்தார். யாரென்று தெரியாமல் அநாதைகளைப் புதைக்கும் இடத்தில் புதைத்தார்கள். பிறகு அடையாளம் தெரிந்து, உடலைத் தோண்டியெடுத்து அவருடைய கரோலினா ஊருக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஆற்றின் பக்கத்துக்கு.

அவருக்கு அடுத்த தலைமுறையில் பெத்ரோ பியெத்ரி. 1969ல் கிழக்கு ஹார்லெமில் இளைஞர்கள் கைப்பற்றி வைத்திருந்த ஒரு தேவாலயத்தில் 'புவெர்ட்டோ ரிக்கன் ஆபிச்சுவரி' என்ற நீண்ட கவிதையை வாசித்தார். ஹுவான், மிகேல், மிலாக்ரோஸ், ஓல்கா, மனுவேல். ஐந்து பேரும் ஒரு நாளும் தாமதமாகாமல் வேலைக்குப் போனார்கள், கடனோடு செத்தார்கள், நேற்றும் செத்தார்கள், நாளையும் சாவார்கள். ஊரையும் சரியாக அறியாமல், வந்த நாட்டிலும் சேராமல் கனவிலேயே வாழ்ந்ததற்காக அவர்கள் மேல் அவருக்குக் கோபம். கோபத்தின் அடியில் பாசம். கருப்பா என்று கூப்பிட்டால் அங்கே அன்பு என்று பொருள் என்று கடைசியில் ஊரின் ஒரு சித்திரத்தைக் கொடுக்கிறார்.

பிரெஞ்சுத் தீவுகளைக் கொஞ்சம் வேகமாகக் கடக்கிறேன். ஏமே செசேரின் 'தாயகம் திரும்பும் குறிப்பேடு' 1939ல் பாரிஸ் இதழ் ஒன்றில் வந்தது. பாரிஸில் படித்துக்கொண்டிருந்த மார்த்தினிக் மாணவர், 1935 கோடையில் நண்பரின் அழைப்பில் யுகோஸ்லாவியா போனபோது, ஜன்னலில் தெரிந்த தீவின் பெயர் மார்த்தின்ஸ்கா என்று கேட்டதும் எழுத உட்கார்ந்ததாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் கேட்ட சுற்றுலா விளம்பரத்துக்கு நேரெதிர் கவிதை இது. விடியலில் தொடங்குகிறது. தெரிவது பசித்த தீவுகள், அம்மைத் தழும்பு விழுந்த தீவுகள். அம்மா குழந்தைகளின் பசிக்காக இரவும் பகலும் சிங்கர் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே இருக்கும் வீடு. அருவருப்பு, வெட்கம், கோபம் எல்லாவற்றையும் கடந்துதான் கவிதை அந்தத் தீவை ஏற்றுக்கொள்கிறது. இதற்குப் பக்கத்தில் செயின்ட்-ஜான் பெர்ஸை வைத்துப் படிக்கலாம். குவாதலூப்பில் பிறந்து 12 வயதில் பிரான்ஸ் போனவர், பின்னாளில் நோபல் வாங்கினார். சிறுவயதைப் பற்றிய அவருடைய கவிதைகள் பனைகளே என்ற விளியோடு, பச்சிலை நீரில் குளிப்பாட்டிய நினைவோடு திறக்கின்றன. மொழி மயக்கும். ஆனால் அது தோட்டத்துப் பெரிய வீட்டின் பிள்ளையின் தீவு. குளிப்பாட்டியவர்களின் பசி அதில் இல்லை.

அந்தத் தோட்டங்களில் நம்மவர்களும் இருந்தார்கள் என்பதால் ஒரு வார்த்தை. 1853, 1854லிருந்து புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி மார்த்தினிக்கும் குவாதலூப்புக்கும் போனவர்களில் தமிழர் ஏராளம். குவாதலூப்புக்கு மட்டும் இந்தியாவிலிருந்து 40,000க்கும் மேற்பட்டோர் போனார்கள். கயானாவில் சென்னை வழியாகப் போனவர்களின் காளியம்மன் வழிபாடு இன்னும் நடக்கிறது. இந்திய வம்சாவளிக் கயானாக்காரர்கள் இருமுறை புலம்பெயர்ந்தவர்கள்: கப்பலில் ஒருமுறை, விமானத்தில் ஒருமுறை. டேவிட் டபிடீன் 1969ல் சிறுவனாக இங்கிலாந்து வந்தவர். அவருடைய 'கூலி ஒடிஸி' (1988) ஊரில் இறந்துபோன பாட்டியை நினைத்து எழுதியது. குடியானவர்களைப் பற்றி எழுதுவது இப்போது நாகரிகமாகிவிட்டது என்ற கசப்போடு ஆரம்பிக்கிறது. பாட்டியின் ஏழ்மையை இங்கிலாந்தின் நிலவறையில் உட்கார்ந்து கவிதையாக்குகிறோமே என்ற உறுத்தல் கவிதை முழுக்க ஓடுகிறது. ஏக்கத்தை எழுதிப் பெயர் வாங்குகிற எவரும் ஒருமுறை படிக்க வேண்டிய கவிதை.

திரும்பிப் போனவர்கள் என்ன எழுதினார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் முக்கியம். லிண்டன் குவேசி ஜான்சன் 1963ல் 11 வயதில் ஜமைக்காவிலிருந்து லண்டன் வந்தவர். அப்பா நோயாளி என்று கேட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு ஓடியதை 'ரெக்கே ஃபி டாடா' ஆக்கினார். அப்பாவுக்கான ஒப்பாரி அது. வாழ்வதற்கென்று ஒரு வாழ்க்கை உனக்குக் கிடைக்கவில்லை, கொடுப்பதற்கென்றே ஒரு வாழ்க்கை இருந்தது என்று அப்பாவிடம் சொல்கிறார். அப்பாவின் சாவோடு ஊரின் நிலையும் கண்ணில் படுகிறது: பாறை மெல்ல மெல்ல உடைந்து மணலாகிற மாதிரி நாடு.

டெரெக் வால்காட், செயின்ட் லூசியாவின் மகன், பாஸ்டனில் பாடம் நடத்திக்கொண்டிருந்த வருடங்களில் எழுதியது 'தி லைட் ஆஃப் த வேர்ல்ட்'. ஊரில் ஒரு மினி பஸ்ஸில் இரவில் போகிறார். மார்லி பாட்டு ஓடுகிறது. பக்கத்தில் ஒரு அழகான பெண், கூடையோடு ஒரு கிழவி, அவருடைய சொந்த மக்கள். இவர்களை விட்டுவிட்டுப் போனேனே என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொள்கிறது. சுற்றுலாப் பயணிகள் நிறைந்த ஹோட்டலில் அவர் தங்கியிருக்கிறார். அங்கே இறங்கிக்கொள்கிறார். பஸ் கொஞ்ச தூரம் போய் நிற்கிறது, ஒருவர் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவர் தவறவிட்ட சிகரெட் பாக்கெட்டை நீட்டுகிறார். அவர்களுக்கு என்னிடமிருந்து எதுவும் வேண்டியிருக்கவில்லை, என்னால் கொடுக்கக்கூடியது இந்தக் கவிதை மட்டும் என்கிறார். ஊரில் இருந்துகொண்டே ஊருக்கு ஏங்குவது இது. வெளிநாட்டில் இருக்கும்போது வருகிற ஏக்கத்தைவிடக் கொடியது என்று நினைக்கிறேன், அதற்கு டிக்கெட் போட்டுத் தீர்வு காண முடியாது.

இந்த மரபுக்குள்ளேயே மறுப்பும் உண்டு. டிரினிடாடில் பிறந்து 1970ல் டொராண்டோ போன டியான் பிராண்ட், 1997ல் வந்த 'லேண்ட் டு லைட் ஆன்' தொகுப்பில், கால் பதிக்க நிலம் தேடுவதையே கைவிடுகிறேன் என்கிறார். தீவும் வேண்டாம், கனடாவும் வேண்டாம். சலித்துப்போய்ச் சொல்வதல்ல அது, எந்த நிலத்தின் பெயரிலும் நடந்த கொடுமைகளை எண்ணிப் பார்த்து எடுத்த முடிவு. எனக்கு முழுச் சம்மதம் இல்லை, ஆனால் அவரைப் படித்த பிறகு மற்ற ஏக்கக் கவிதைகளை வேறு மாதிரிதான் படிக்க முடிகிறது.

இனி, எதில் தொடங்குவது என்ற கேள்வி. மெக்கேயின் 12 வரியையும் நிக்கல்ஸின் 'லைக் எ பீக்கன்' கவிதையையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் படியுங்கள், இரண்டும் சேர்ந்து பத்து நிமிடம் ஆகாது. அடுத்து 'லூசிஸ் லெட்டர்'. அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும், கண்ணால் படித்தால் எழுத்துப்பிழை மாதிரித் தெரியும், காதில் விழுந்தால் பெண் குரல் கேட்கும். பென்னட்டையும் ஜான்சனையும் புத்தகத்தில் தேடுவதற்கு முன் ஒலிப்பதிவில் கேளுங்கள், இருவருமே மேடைக்காகவும் தாளத்துக்காகவும் எழுதியவர்கள். செசேருக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள், முதல் வாசிப்பில் பாதி புரியாது, அதைப் பொருட்படுத்த வேண்டாம். இன்றைய குரல் வேண்டுமென்றால் ரோஜர் ராபின்சனின் 'எ போர்ட்டபிள் பாரடைஸ்'. 2019ன் டி. எஸ். எலியட் பரிசு பெற்ற தொகுப்பு. அதன் தலைப்புக் கவிதையில் ஒரு பாட்டி பேரனிடம், உன் சொர்க்கத்தை யாருக்கும் தெரியாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள், அப்போதுதான் திருட மாட்டார்கள் என்கிறாள். அதே தொகுப்பில், 2017ல் லண்டனில் எரிந்துபோன கிரென்ஃபெல் குடியிருப்பைப் பற்றிய கவிதைகளும், விண்ட்ரஷ் தலைமுறையினரையே ஆவணம் இல்லை என்று சொல்லி நாடு விரட்டப் பார்த்தது 2018ல் அம்பலமானதன் நிழலும் இருக்கின்றன. பாட்டி ஏன் ஒளித்துவைக்கச் சொன்னாள் என்பது அவற்றையும் படித்தால்தான் புரியும்.